நாலு விரற்கடை

இரண்டாவது மூட்டையை ஷேர் ஆட்டோவிலிருந்து இழுத்து இறக்கும்போது செங்கொடியின் உள்ளங்கையில் சிராய் ஏறிவிட்டது. பிடுங்கி எறிவதற்குள் ஆட்டோக்காரன் எண்ணூர் மெயின் ரோட்டில் பறந்துவிட்டான். மூட்டையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, கேட்டை முழங்காலால் தள்ளி அவள் உள்ளே வந்தபோது, அம்மா வரலட்சுமி முதல் மூட்டையின் சணலை ஏற்கனவே அவிழ்த்து, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஈரமா கீது," என்றாள். "நல்லது. காஞ்சதுன்னா காத்துல பறக்கும்."

எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு பிடி மரச்சில்லை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். செங்கொடியின் கணவன் பகலவன் தண்டையார்பேட்டையில் மரப்பெட்டி அடிக்கிற பட்டறையில் வேலை செய்கிறான். கப்பலில் போகிற எந்திரங்களுக்கான பெட்டி. அங்கே மிஞ்சுகிற துண்டுகளைப் பக்கத்துக் கொட்டகையில் அரைத்துச் சில்லாக்குவார்கள். மருந்து அடித்த பலகை கலக்காமல் பார்த்து அள்ளும்படி அம்மா மருமகனிடம் மூன்று முறை போனில் சொல்லியிருந்தாள். பத்து நாளாக அவள் போனில் பேசியது இந்த மரச்சில்லைப் பற்றித்தான். நைனாவுக்குக் காய்ச்சல் என்பதை நேற்றுதான், பேச்சை முடிக்கும்போது, போகிற போக்கில் சொன்னாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "ண்ணி."

இரண்டு வருஷமாக அவள் அப்பா பக்தவச்சலத்திடம் மிஞ்சியிருந்த மூன்று நான்கு சொற்களில் அது ஒன்று, தண்ணி என்பதன் பின்பாதி. வலது பக்கம் முழுக்க விழுந்துபோய், வாய் கோணி, கட்டிலோடு கிடந்தார். ஒரு காலத்தில் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டியவர், சங்கத்தின் கிளைச் செயலாளர். கேட் மீட்டிங்கில் மைக் இல்லாமல் பேசினால் எதிர்ச் சாரி டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன் வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

செங்கொடி உள்ளே ஓடினாள். அறையில் நாற்றம் முகத்தில் அறைந்தது. படுக்கைப் புண்ணும் ராத்திரி மூத்திரமும் சேர்ந்த நாற்றம். விரிப்பு மாற்றியிருக்கவில்லை. நெற்றியில் கை வைத்தாள், சுட்டது. மூச்சு தொண்டையில் கொழகொழவென்று இழுத்தது. உதடு வெடித்து, வெடிப்பில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் இடது கை விரல்கள் விரிப்பைப் பிறாண்டின.

அலமாரி மேல் டம்ளரும் ஸ்பூனும் இருந்தன. எடுக்கப் போனாள்.

"இப்ப குடுக்காத," என்றாள் அம்மா. வாசற்படியில் நின்றிருந்தாள். கையெல்லாம் மரத்தூள். "படுத்துகினு குடிச்சா பொற ஏறும். நர்ஸம்மா சொல்லிகீறாங்க. நான் வந்து தூக்கி வெச்சி குடுக்கறேன். நீ வா."

"எப்பலேந்து இப்படி இருக்காரு?"

"நேத்து காலைலேந்து."

"நூத்தியெட்டுக்கு போன் பண்ணலாம்மா."

"பண்லாம். அந்த சில்ல போட்டுட்டு பண்லாம். விடிகாலைலயே தண்ணி வுட்டு வெச்சிகீறேன். மண்ணு காஞ்சி போச்சுன்னா மூடாக்கு போட்டு பிரயோஜனம் இல்ல."

அம்மாவின் குரலில் அவசரமும் இல்லை, கோபமும் இல்லை. வெங்காயம் நறுக்கிவிட்டு வருகிறேன் என்பதைப் போலச் சொன்னாள். அந்தச் சாதாரணத்தில்தான் செங்கொடி ஏமாந்தாள். புரை ஏறும் என்பது உண்மைதானே, ரெண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவளுக்குத் தெரியாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டின் பக்கவாட்டில், மதில் வரைக்கும், ஆறடி அகலத்தில் நீளமாக ஒரு துண்டு நிலம். வெறும் உப்பு மணல். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று திரும்பினால் இலைகள்மேல் மாவு சலித்ததுபோல் சாம்பல் படியும். அதில் இனி எதுவும் வராது என்றுதான் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். பக்தவச்சலத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து போட்ட மறுவாரமே வரலட்சுமி அங்கே மண்வெட்டியோடு இறங்கினாள். போனில் யாரோ ஒரு கோயம்புத்தூர்க்காரர் பேசுகிற வீடியோக்களைப் பார்த்து, செடியடி மண் காயாமல் மூடிவைக்கிற மூடாக்கு என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டாள். முதலில் சருகு போட்டாள், அப்புறம் தேங்காய் மட்டை, ஒரு வருஷமாக மரச்சில்லு. இப்போது கத்தரி இருக்கிறது, வெண்டை இருக்கிறது, மதிலோரம் அவரை ஏறியிருக்கிறது. பழைய சில்லை விலக்கினால் அடியில் மண் கறுத்து, வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை ஓடி, மண்புழு நெளிகிறது. எண்ணூரில் மண்புழுவா என்று பக்கத்து வீட்டு முத்தம்மா வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"தண்டுல ஒட்ட வுடாத," என்றாள் அம்மா, கத்தரிச் செடியருகே சப்பணமிட்டு உட்கார்ந்து. "சுத்தி நாலு வெரக்கடை வுட்டுட்டு போடணும். ஒட்டிச்சின்னா தண்டு அழுவிடும்."

தன் வலது கையின் நாலு விரலைத் தண்டில் வைத்து அளந்து காட்டினாள். இடது கை மடியில் கிடந்தது. அந்தக் கையின் மணிக்கட்டு கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். விரல்கள் முழுசாக மூடாது. சாக்கைத் தூக்க வராது, ஆனால் சில்லை நிரவ வரும். நிரவினாள், தலையணையைத் தட்டிச் சமன்படுத்துகிற மாதிரி.

"ண்ணி," என்றது ஜன்னல்.

கட்டில் அந்த ஜன்னலை ஒட்டித்தான் கிடந்தது. அம்மாதான் நகர்த்திப் போட்டாள். போன கோடையில் செங்கொடி, வெயில் நேரே அடிக்கிறதே, உள்ளறைக்கு மாற்றலாம் என்றபோது, "வேணாம், அவுரு பாக்கணும்," என்றாள். முத்தம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். புருஷன் காற்றாட, பச்சையைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று பண்ணியிருக்கிறாள், இவளை மாதிரி ஒருத்தி உண்டா என்று. செங்கொடிக்கும் அப்போது கண் கலங்கியது.

கட்டிலுக்கும் செடிகளுக்கும் நடுவே ஒரு ஜன்னல் கம்பி தூரம்தான். அவருடைய கண் தெரிந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. இன்னொன்று அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது, சில்லை அள்ளும்போது அள்ளுகிற இடத்துக்கும் கொட்டும்போது கொட்டுகிற இடத்துக்கும் போய்ப் போய் வந்தது.

"ண்ணி. ண்ணி."

செங்கொடி எழுந்தாள்.

"குந்து," என்றாள் வரலட்சுமி.

"அம்மா, கேக்குறாரும்மா. நான் தூக்கி வெச்சே குடுக்கறேன். பொற ஏறாது."

வரலட்சுமி தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த செடிக்கு நகர்ந்தாள். நாலு விரல் வைத்து அளந்தாள். அப்புறம் சொன்னாள்:

"அன்னிக்கி நான் கத்துனப்ப நீ கதவ சாத்திகினியே. டிவி சவுண்ட ஏத்தி வெச்சிகினு. இன்னிக்கும் அப்டி நெனச்சிக்க. குந்து."

பதினெட்டு வருஷத்தில் அம்மா ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது மகளுக்குத் தெரியாது என்றே அம்மா நினைத்திருப்பாள் என்று செங்கொடி நம்பியிருந்தாள். நம்பித்தான் வளர்ந்தாள்.

அன்றைக்கு அவளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. நாற்பத்தோரு நாள் நடந்த வேலைநிறுத்தம் உடைந்து, ஆட்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு உள்ளே போய்விட்ட நாள். அந்த நாற்பத்தோரு நாளும் இதே துண்டு நிலத்தில் விளைந்த கத்தரியையும் கீரையையும் வைத்துத்தான் வரலட்சுமி சோறு பொங்கினாள். தெருக்குழாயில் முத்தம்மா, அடுப்பு எரியுதா என்று கேட்டதற்கு, சங்கம் கைவிட்டாலும் என் செடி கைவிடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அந்தச் சிரிப்பு யார் வாயிலோ ஏறி நைனாவின் காதுக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். நேராகப் பக்கவாட்டுக்குப் போய் ஒவ்வொரு செடியாகப் பிடுங்கினார். வெறியோடு இல்லை, வரிசையாக, வேலை செய்வதுபோல. கடைசியாக ஒரு கத்தரிச் செடியை அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் விடவில்லை என்றதும் அவர் செடியை விட்டுவிட்டுக் கையைத் திருகினார்.

செங்கொடி கதவைச் சாத்தினாள். சவுண்டை ஏற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து நைனா வந்து, கை கால் கழுவிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்டியாமா என்று கேட்டார். கடைக்குப் போய்ப் பரோட்டா வாங்கிவந்து பிய்த்துப் போட்டார். அவள் மேல் ஒரு நாளும் அவர் கை பட்டதில்லை. சின்ன வயதில் மே தின ஊர்வலத்தில் தோளில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு, என் கொடி இதுதான் என்று தோழர்களிடம் காட்டுவார். அந்தப் பரோட்டாவை அவள் சாப்பிட்டாள். சால்னா மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா முனகுவது பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டுக்கொண்டிருந்தது.

செங்கொடி உட்கார்ந்தாள்.

சாக்கைச் சரித்துக் கொட்டினாள். இரண்டு கையாலும் அள்ளி, செடியைச் சுற்றிப் போட்டு, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி விலக்கினாள். வெயில் முதுகில் ஏறியது. கத்தரி வரிசை முடிந்து வெண்டை வரிசைக்கு வந்தார்கள். அம்மா ஏதேதோ சொன்னாள். போட்ட சில்லை மண்ணோடு கிளறக்கூடாது, மேலாகவே கிடக்கணும், கிளறினால் செடி மஞ்சள் பாய்ஞ்சிடும் என்றாள். போன மாசம் கரையான் வந்ததையும் அதற்கு என்ன செய்தாள் என்பதையும் சொன்னாள். செங்கொடி உம் கொட்டினாள். ஜன்னலில் சத்தம் வந்தது, கொஞ்சம் நின்றது, மறுபடி வந்தது. சொல் தேய்ந்து வெறும் மூச்சானது. கம்பியில் எதுவோ ஒரு தடவை லேசாகத் தட்டியது, நகமாக இருக்கும்.

மூன்றாவது வெண்டைச் செடியில் இருக்கும்போது சத்தம் நின்றது. நின்றது அவளுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்க்க ஒரு கழுத்தசைவு போதும். அவள் நாலாவது செடிக்கு நகர்ந்தாள். அதற்கப்புறம் எட்டுச் செடி இருந்தது. அவரைப் பந்தலடி இருந்தது. எல்லாவற்றையும் முடித்தார்கள்.

வரலட்சுமி சாக்குகளை உதறி மடித்து மதில்மேல் வைத்தாள். குழாயடியில் சோப்புப் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கை கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் தலை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு கண்ணும் இப்போது முழுசாகத் திறந்திருந்தன. அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தலையைத் தன் முழங்கை மடிப்பில் தாங்கித் தூக்கி, சொன்னபடியே தூக்கி வைத்து, ஸ்பூனில் தண்ணீர் மொண்டு வாயில் விட்டாள். தண்ணீர் கோணிய பக்கம் வழியாகக் கழுத்துக்கு இறங்கியது. இன்னொரு ஸ்பூன் விட்டாள். அதுவும் இறங்கியது. மூன்றாவது மொண்டாள்.

"அம்மா," என்றாள் செங்கொடி.

"தெரியும்."

மூன்றாவதையும் விட்டுவிட்டு, கழுத்தை முந்தானையால் ஒற்றியெடுத்து, தலையை இறக்கி வைத்தாள். கண்ணை மூடவில்லை. டம்ளரை அலமாரியில் இருந்த இடத்தில் வைத்தாள். "சௌக்கத் அலி தோழருக்கு போன் போடு," என்றாள்.

ஒரு மணி நேரத்தில் வாசல் நிறைந்துவிட்டது. சௌக்கத் அலிதான் இப்போது கிளைச் செயலாளர். நைனாவோடு ஜெயிலுக்குப் போனவர். வரும்போதே தெருமுனை டாக்டரையும் கூட்டிவந்தார். டாக்டர் போர்வையை விலக்காமலே நாடி பார்த்து எழுதிக் கொடுத்தார். யாரும் எதையும் கேட்கவில்லை. முத்தம்மா மட்டும் கடைசியில் தண்ணி கிண்ணி எறங்குச்சா என்று கேட்டாள். "நான்தான் குடுத்தேன்," என்றாள் வரலட்சுமி. முத்தம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். குடுத்து வெச்சவரு, உன் கையால குடிச்சிட்டுப் போயிருக்காரு என்றாள். செங்கொடி விரிப்பை மாற்றினாள். அடியில் முதுகுத் தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.

பந்தல் போட வந்தவர்கள் கழியை நட மணல் பதமாக இருக்கிறதென்று செடிகளின் பக்கம் போனார்கள். வரலட்சுமி பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து, அங்கே கால் வைக்கக்கூடாது என்று சொல்லி, அவர்கள் கழியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போகிறவரைக்கும் நின்றாள். குளிப்பாட்டுகிற நேரத்தில் இன்னொன்று நடந்தது. பக்கவாட்டில்தான் மறைவு இருந்தது, பெஞ்சை அங்கே போட்டுவிட்டார்கள். குடத்தைத் தூக்கியபோது அவள் தடுத்தாள். பெஞ்சைத் திருப்பி, தலைப்பக்கம் செங்கல் வைத்து உயர்த்தி, தண்ணீர் தெருச் சாக்கடைக்கு ஓடுகிற மாதிரி பண்ணச் சொன்னாள்.

"ஏன் தாயீ, செடிக்குத்தானே போவுது, போட்டுமே," என்றார் ஒரு பெரியவர்.

"அந்தத் தண்ணி என் செடிக்கு வேணாம்."

குடத்தைத் தூக்கியவர் அதைக் கீழே இறக்கினார். அப்புறம், துக்கத்தில் பித்துப் பிடித்தாற்போல் பேசுகிறாள் என்று யாரோ சொல்ல, எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. பெஞ்சைத் திருப்பினார்கள்.

மூன்று மணிக்குச் சிவப்புக் கொடி போர்த்தினார்கள். சௌக்கத் அலி பேசினார். தழுதழுத்துப் பேசினார். யார்டில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் குடிக்கத் தண்ணீர்க் குழாய் இல்லாமல் இருந்ததையும், வெயிலில் ஒரு பீகார்ப் பையன் சுருண்டு விழுந்ததையும், அன்றைக்கே பக்தவச்சலம் வண்டியை நடுவழியில் நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழாய் வராமல் ஒரு பெட்டியும் நகராது என்று உட்கார்ந்ததையும் சொன்னார். ஒன்பதாவது நாள் குழாய் வந்ததாம். இன்றைக்கும் அந்த யார்டில் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிற ஒவ்வொரு தொழிலாளியும் தோழரை நினைப்பான் என்றார். நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது பொய்யில்லை. செங்கொடிக்கு அந்த ஒன்பது நாளும் ஞாபகம் இருந்தது. அவள் எழுந்து பின்பக்கம் போய், கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, உள்ளங்கையில் இருந்த சிராயை ஊக்கால் குத்தி எடுத்தாள். ஆழமாகப் போயிருந்தது. தேவைக்கு மேலேயே குத்தினாள்.

கொள்ளி யார் வைப்பது என்ற பேச்சு வந்தபோது சித்தப்பா மகன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றான். சௌக்கத் அலி செங்கொடியிடம் வந்தார். அப்பா இருந்திருந்தால் நீதான் செய்யணும்னு சொல்லியிருப்பார்மா, உன் பேரே அவர் வெச்ச பேரு என்றார். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"அவளே செய்யட்டும்," என்றாள் வரலட்சுமி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அவுருக்கு அவ மேலதான் உசுரு."

தோழர்கள் கோஷம் போட்டார்கள். சுடுகாட்டில் எரிவாயு மேடை. நெஞ்சில் கற்பூரம் வைத்துக் கொளுத்தச் சொன்னார்கள், வைத்தாள். தள்ளுங்கள் என்றார்கள், தள்ளினாள். ஆணும் பெண்ணுமாக முப்பது பேர் அவளைப் போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் சாம்பலை முகத்துவாரத்தில் கரைத்துவிட்டு வந்தபோது வீடு கழுவியாகியிருந்தது. ராத்திரி அம்மாவோடு படுக்க முத்தம்மா பாயோடு வந்ததை அம்மா திருப்பி அனுப்பிவிட்டிருந்தாள். பதினாறாம் நாள் வரைக்கும் இருக்கிறேன் என்று செங்கொடி சொல்லிப் பார்த்தாள்.

"நீ போ. நான் தூங்கணும்," என்றாள் அம்மா. முகம் வீங்கியிருந்தது, அழுகையால் இல்லை, தூங்கி எழுந்ததால். உள்ளே போய்ப் பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்து பகலவனின் வண்டிக் கைப்பிடியில் மாட்டினாள். காலையில் பறித்தது, காம்பில் ஈரம் இருந்தது. சாவு வீட்டிலிருந்து போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. செங்கொடி ஏறி உட்கார்ந்தாள். அம்மா கேட்டைச் சாத்திக் கொண்டிபோட்டாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பகலவன் எஞ்சினை நிறுத்தினான். சீட்டு சுட்டதால் செங்கொடி இறங்கி நின்றாள். நிலக்கரி வண்டி ஒன்று அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பெட்டி பெட்டியாகப் போனது, முடிகிற மாதிரி தெரியவில்லை. பகலவன் நல்லவன். இரண்டு நாளாக அலைந்து கறுத்திருந்தான்.

"ரொம்ப கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டான்.

"இல்ல."

"உங்கம்மாவ சொல்லணும். ரெண்டு வருசம் கொயந்த மாதிரி பாத்துகினாங்க. யாருக்கு வரும்." பைக்குள் ஒரு காயைத் தொட்டு அமுக்கிப் பார்த்தான். "இன்னா பளபளப்பு பாரு."

கடைசிப் பெட்டி போனது. கேட் உயர்ந்தது. பகலவன் வண்டியைக் கிளப்பி, ஏறு என்றான். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான், அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் அழுத்தினார்கள். தண்டவாளத்தின் நடுவில், வண்டியிலிருந்து உதிர்ந்த கரித்துண்டுகளை ஒரு பெண் மடியில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டிகள் அவளை உரசிக்கொண்டு போயின. அவள் பெரிய துண்டுகளை எடுத்துவிட்டு, குனிந்தபடியே சின்னத் துண்டுகளுக்கு நகர்ந்தாள். செங்கொடி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகலவன் மறுபடியும் கூப்பிட்டான். அந்தப் பெண் நிமிரவே இல்லை.